ஏறுகிற வண்டிக்கு வழி

வாரத்துக்கு ஒருமுறை காரை ஸ்டார்ட் செய்துவிட்டு, அது சூடாகிறவரை உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். பேட்டரி செத்துவிடக்கூடாதே, அதற்காகத்தான் என்று கேட்பவர்களிடம் சொல்வேன். கேட்பவர்களும் அதிகம் இல்லை. கரடியூர் போகிற ரோட்டில் என் வீட்டைத் தாண்டினால் எஸ்டேட் வேலிதான். காலையில் வேலைக்குப் போகிற பெண்கள் அந்தப் பக்கம் நடப்பார்கள். ஷெட்டுக்குள் நிற்கிற காரில், எங்கும் போகாமல், ஒருத்தன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் அவர்களுக்குப் பழகிவிட்டது. சிரித்துக்கொண்டிருந்ததே தேவலை என்று எனக்கு இருந்தது.

நான் ஏற்காட்டில் மோட்டார், இன்வெர்ட்டர், ஜெனரேட்டர் பழுது பார்ப்பவன். ஐம்பதைத் தாண்டியாயிற்று. கல்யாணம் அமையவில்லை, கார் அமைந்தது. சின்ன வெள்ளைக் கார். ஏசி கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. எங்கள் ஊர்க் குளிருக்கு ஏசி எதற்கு? பவர் ஸ்டீயரிங்கோ எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அந்த வண்டிகளில் ஸ்டீயரிங் வழுக்கிக்கொண்டு திரும்புமே தவிர, ரோடு என்ன சொல்கிறது என்று கைக்கு ஒன்றும் வந்து சேராது. என் காரில் எல்லாம் வரும். மழைக்கு மறுநாள் சில்வர் ஓக் இலைகள் ரோட்டில் ஒட்டிக்கிடக்கும். முன் சக்கரம் அதில் ஏறினால், பிடி விட்டுப்போவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்டீயரிங் கையில் லேசாகிவிடும். அந்த லேசைக் கண்டுகொண்டு காலைத் தளர்த்துகிறவன் டிரைவர். கண்டுகொள்ளாதவன் டூரிஸ்ட்.

டூரிஸ்ட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு மலை இறங்குவார்கள். பாதி வழியில் பிரேக் கருகி நாறும். அந்த நாற்றத்தை வைத்தே இன்று ஞாயிற்றுக்கிழமை என்று சொல்லிவிடலாம். மலையில் ஓட்டுகிறவர்களுக்கென்று சில வழக்கங்கள் உண்டு என்பதே அவர்களுக்குத் தெரியாது. எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்க வேண்டும். வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும். குறுகலான இடத்தில் இறங்குகிறவன் ஒதுங்கி நின்று, ஏறுகிறவனுக்கு வழிவிட வேண்டும். ஏற்றத்தில் நின்றுபோன வண்டி மறுபடி கிளம்புவது கஷ்டம். வழி கிடைத்தவன் கடந்துபோகும்போது சின்னதாக இரண்டு தரம் ஹாரனைத் தட்டுவான். நன்றிக்கு அவ்வளவுதான். யாரும் கண்ணாடியை இறக்கிக் கைகொடுத்துக்கொண்டிருப்பதில்லை.

போன வருஷம் மழைக்கு முன்னால் ஓர் எஸ்டேட்டில் பம்பு மோட்டாருக்கு வயர் இழுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நடந்தவர் விலக்கிப் பிடித்திருந்த காப்பிக் கிளையை விட்டுவிட்டார். அது திரும்பி வந்து என் வலது கண்ணில் அடித்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. காப்பிக்காட்டுக்குள் எல்லோரும் அப்படித்தான் நடக்கிறோம். சேலத்தில் ஆபரேஷன் செய்து பார்த்தார்கள். கண் தங்கியது, பார்வை தங்கவில்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது என்று எல்லோரும் ஆறுதல் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பது என் வேலை இல்லையே.

இரண்டு கண்ணும் இருந்தவரை தூரம் என்று ஒன்று இருப்பதையே நான் யோசித்ததில்லை. இப்போது டம்ளருக்குப் பக்கத்தில் காப்பியை ஊற்றினேன். சாவித் துவாரத்தைச் சாவியால் தேடினேன். டாக்டர் நல்ல மனிதர். "இன்னொரு கண் நல்லாவே இருக்குதுங்க. பழகப் பழகச் சிலபேர் ஓட்டறாங்க. ஆனா மலையிலன்னா, நானா இருந்தா யோசிப்பேன்" என்றார். நான் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்த மறுவாரமே காரை எடுத்துக்கொண்டு, ரோடுகள் கூடுகிற ஒண்டிக்கடை முக்குக்குப் போனேன். வலதுபக்கமிருந்து வந்த பஸ் தூரத்தில் இருப்பதாக நினைத்துத் திருப்பினேன். அது தூரத்தில் இல்லை. பஸ் டிரைவர் பிரேக் அடித்து நிறுத்தியது என் கதவை ஒட்டி. அவர் வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். என்னைத் தெரிந்தவர் அவர். தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டார். மெதுவாகக் கேட்டதுதான் தாங்கவில்லை. அன்று வீடு வரைக்கும் முதல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தியவன், அதற்கப்புறம் ரோட்டில் இறக்கவில்லை.

எனக்கென்று இருக்கிற ஒரே ஆள் என் தங்கை. சேலத்தில் நர்சாக இருக்கிறாள். நாற்பது வயதுக்குமேல் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்து, சினேகிதிகளின் காரை எல்லாம் ஓட்டிப் பழகியவள். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டதெல்லாம் ஓட்டுவதில் சேர்த்தியா என்று அவளைக் கிண்டல் செய்வேன். அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்வாள்.

"காரை எனக்குக் குடுத்துருங்கண்ணா. இல்லாட்டி வித்துருங்க. ஷெட்டுல நின்னு நின்னு துருப்புடிச்சுப் போகும். நீங்களும் இங்க என்ற ஊட்டுக்கே வந்துருங்க. ஒத்தையில அங்க என்னத்துக்குக் கெடக்கறீங்க?"

"பொங்கலுக்கு நானே ஓட்டிக்கிட்டு வர்றேன், பாரு. வர முடியலைன்னா அன்னிக்கே சாவிய உன்ற கையில குடுத்துடறேன். போதுமா?"

"ஓட்ட வேண்டாங்கண்ணா. பஸ்ல வாங்க."

"வர்றேன்னா வர்றேன்."

வாக்குக் கொடுத்துவிட்டேன். கீழே அடிவாரம் வரைக்கும் இருபது கொண்டை ஊசி வளைவு. கார் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் யார் என்று கேட்டால் கார் ஓட்டுகிறவன் என்றுதான் எனக்குள் ஒரு பதில் இருந்தது. அதை எடுத்துவிட்டால் இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கிற, வீட்டில் யாருமில்லாத ஓர் ஆள்தான் மிச்சம்.

அந்தச் சமயத்தில் கிளியூர் பக்கம் ஒரு ஹோம்ஸ்டேயில் ஜெனரேட்டர் பார்க்கப் போனேன். வருகிற விருந்தாளிகளுக்காக அதன் ஓனர் ஒரு கேம்ஸ் ரூம் வைத்திருந்தார். கேரம் போர்டு, டேபிள் டென்னிஸ், அப்புறம் மூலையில் கார் ஓட்டுகிற கேமுக்கென்று ஒரு கம்ப்யூட்டரும் ஸ்டீயரிங்கும் பெடல்களும். அந்த ரூமை எடுத்துவிட்டு அங்கே இன்னும் இரண்டு கட்டில் போடப் போவதாகச் சொன்னார்.

"ஒருக்கா உக்காந்து பாருங்ண்ணா. காருன்னா உசுர உடற ஆளாச்சே நீங்க."

பையன்கள் விளையாடுகிற சமாச்சாரம் என்று அலட்சியமாகத்தான் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு நாட்டு மலைப்பாதை. மழை. இரண்டாவது வளைவில் கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். அப்போது என் கையில் அந்த லேசு வந்தது. சில்வர் ஓக் இலைமேல் ஏறும்போது வருகிற அதே லேசு. ஸ்டீயரிங்குக்குள் ஒரு மோட்டார் இருந்துகொண்டு அதைச் செய்கிறது என்று மோட்டார் மெக்கானிக்கான எனக்குத் தெரியாதா? தெரிந்தும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. காலைத் தளர்த்தினேன். முன் சக்கரம் மறுபடி ரோட்டைப் பிடித்துக்கொண்டது. ஓனர் என்னமோ சொல்லிக்கொண்டிருந்தார், காதில் விழவில்லை.

பத்து வளைவு போனபிறகுதான் இன்னொன்று உறைத்தது. எதிரே வந்த வண்டிகளுக்கு நான் சரியாக ஒதுங்கிக்கொண்டிருந்தேன். எதிலும் இடிக்கவில்லை. ஏன் என்று யோசித்தால் விஷயம் ரொம்பச் சாதாரணம். திரை தட்டை. அதில் யாருக்குமே தூரம் தெரியாது. இரண்டு கண் உள்ளவனும் அதன் முன்னால் என்னைப் போலத்தான், எது பெரிதாகிறது, எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறான். அங்கே எல்லோரும் ஒற்றைக் கண்ணர்கள். பல மாதங்களுக்குப் பிறகு நான் யாருக்கும் குறைந்தவனாக இல்லாமல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஜெனரேட்டருக்குக் கூலி வேண்டாம், இதைக் கொடுங்கள் என்றேன். அவருக்கும் ரூம் காலியானால் போதும் என்றிருந்தது.

வீட்டில் அதற்கு ஒரு சிம்மாசனமே செய்தேன். எஸ்டேட்டில் உடைத்துப்போட்ட ஜீப்பின் சீட்டை இரும்பு ஆங்கிளில் வெல்டு வைத்து, பெடலும் ஸ்டீயரிங்கும் என் காரில் இருக்கிற அதே உயரத்தில், அதே சாய்வில் பொருத்தினேன். கண்ணுக்கும் திரைக்கும் எத்தனை தூரம் என்று அளந்து கொடுத்தால் ரோடு நிஜமான அகலத்தில் தெரியும் என்று அதில் போட்டிருந்தது. தையல்காரர் டேப் வைத்து அளந்தேன். இடது கண்ணிலிருந்துதான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது போல, ஊருக்கெல்லாம் இன்வெர்ட்டர் பார்க்கிற என் வீட்டு இன்வெர்ட்டர் மழை நாளில் பாதி வளைவில் கைவிட்டுவிடும். திரை அணைந்ததும் அந்தக் கறுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரியும். கையில் ஸ்டீயரிங்கோடு. அதைப் பார்க்காமல் இருப்பதற்காகவாவது புது பேட்டரி போட வேண்டியிருந்தது.

ஆனால் ஒன்று அதில் கிடையவே கிடையாது. முதுகு. பாதி வண்டியை டிரைவர் முதுகால்தான் ஓட்டுகிறான். பிரேக் பிடித்தால் கனம் முன்னால் போவது, வளைவில் இடுப்பு ஒருபக்கம் சாய்வது, மேடு ஏறி இறங்கும்போது வயிற்றுக்குள் ஒரு நொடி வெறுமையாவது, இதெல்லாம் வந்துதான் கைக்கும் காலுக்கும் சேதி சொல்லும். இங்கே சீட்டு கல் மாதிரி கிடக்கும். ஜன்னலைத் திறந்து குளிர்காற்றை விட்டுப் பார்த்தேன். அதனால் ஜலதோஷம் பிடித்ததுதான் லாபம்.

இன்டர்நெட்டில் பலபேர் சேர்ந்து ஓட்டுகிற மலை ஒன்று அகப்பட்டது. யார் வேண்டுமானாலும் வரலாம். மேலே போகலாம், கீழே வரலாம். முதல் நாள் நான் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒரு குறுகலான வளைவில் எதிரே ஒருத்தன் ஏறி வந்தான். நான் ஹாரன் அடித்து, ஓரம் கட்டி, நின்று, லைட்டைப் போட்டுக் காட்டினேன். எனக்குப் பின்னால் தலைதெறிக்க இறங்கிக்கொண்டிருந்த நாலு பேர் வரிசையாக வந்து என்மேல் மோதினார்கள். ஏறி வந்தவனும் மிரண்டுபோய் பாறையில் இடித்தான். எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதித் திட்டினார்கள். திட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை. ஓட்டுப் போட்டு என்னை வெளியேற்றினார்கள். முப்பது வருஷம் மலையில் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவனை, வழிவிட்ட குற்றத்துக்காக. கோபத்தில் அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாளும் போனேன். மறுநாளும் வழிவிட்டேன். கையை மாற்றிக்கொள்ள முடியவில்லை. எதிரே ஏறுகிற வண்டியைப் பார்த்தால் கால் தானாகவே பிரேக்குக்குப் போகிறது. கூட்டம் குறைவாக இருக்கிற சாயங்கால வேளையாகப் பார்த்துப் போக ஆரம்பித்தேன். அப்படி ஒருநாள் நான் ஒதுங்கி நிற்க, பச்சை நிறக் கார் ஒன்று ஏறி வந்தது. என்னைக் கடக்கும்போது சின்னதாக இரண்டு தரம் ஹாரனைத் தட்டியது.

நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன். மலையில் பழகியவன் தவிர வேறு யாருக்கும் அது தோன்றாது. அந்த ஆளுக்குப் பெயர் இல்லை, பெயர் வர வேண்டிய இடத்தில் ஏதோ எண்கள்தான். அடுத்த நாள் நான் ஏறும்போது அது இறங்கி வந்தது. ஓரமாக நின்று எனக்கு வழிவிட்டது. என் கட்டைவிரலுக்குக் கீழே இருந்த ஹாரன் பட்டனை இரண்டு தரம் அழுத்தினேன்.

மழைக்காலம் முழுக்க இப்படிப் போனது. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, காப்பி போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் பச்சைக் கார் அங்கே இருக்கும். சில நாள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய், உச்சியில் வண்டி நிறுத்துகிற இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அந்தக் காருக்குள் இருப்பது ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை, என் காருக்குள் இருப்பதும் அதேதான். எந்த ஊர் என்று எழுதிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊர் தெரிந்தால் தூரமும் தெரிந்துவிடும் என்று பயம். கொல்லிமலையாகக்கூட இருக்கலாம் என்று நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அந்த மாதங்களில் என்னோடு சேர்ந்து எங்காவது போய்வந்த ஓர் உயிர் உண்டென்றால் அது ஒன்றுதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மார்கழி பிறந்த பிறகு பச்சைக் கார் வரவில்லை. இரண்டு நாள், நாலு நாள், ஒரு வாரம். உச்சியில் நான் மட்டும் இஞ்சினை ஓடவிட்டு நின்றேன். வேலை மாறியிருக்கலாம், கம்ப்யூட்டர் கெட்டிருக்கலாம், அலுத்துப்போயிருக்கலாம். விசாரிக்க ஒரு வழியும் இல்லை. முகம் தெரியாத ஒருத்தருக்காக மனசு இப்படி அடித்துக்கொள்ளுமா என்று எனக்கே எரிச்சலாக வந்தது. ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஷெட்டுக்குப் போய்க் காரைப் பார்த்தேன். பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொம்மை மலையில் இத்தனை மாதம் ஒரு கல்லில்கூட உரசவில்லை. இன்னும் எதற்குக் காத்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

மறுநாள் விடிந்ததும் எடுத்தேன். வார நாள். ரோட்டில் ஆளில்லை. சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்து, ஷெட்டைவிட்டு வெளியே வந்து இரண்டாவது கியருக்கு மாற்றியபோது முதுகில் அந்தத் தள்ளல் வந்தது. இத்தனை நாள் இதில்லாமல் என்னத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று சிரித்துவிட்டேன். ஏரியைச் சுற்றி, ஒண்டிக்கடை முக்கைத் தாண்டி, தலையை நன்றாக வலதுபக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு போனேன். எதிரே வருவது எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது என்று திரையில் பழகிய கணக்கு இங்கேயும் ஒத்துவந்தது. அடிவாரம் வரை போய்த் திரும்பிவிட வேண்டும், பொங்கலன்று சேலம் என்று திட்டம். இருபதாவது வளைவு, பத்தொன்பது, பதினெட்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஹாரன். இரண்டாவது கியரில் வண்டி தன் கனத்தைத் தானே பிடித்துக்கொண்டு இறங்கியது. ஸ்டீயரிங் இரண்டு தோளையும் வேலை வாங்கியது. நான் பழைய ஆளாகிவிட்டேன் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

பதினாறாவது வளைவை நெருங்கும்போது கீழிருந்து பஸ் ஏறி வருகிற சத்தம் கேட்டது. வளைவுக்கு மேலே இடதுபக்கம் கொஞ்சம் அகலமான இடம். அங்கே ஒதுங்கினேன். முன்னால் தடுப்புக்கல். கல்லுக்கும் எனக்கும் இன்னொரு கார் நிற்கிற அளவு இடம் இருந்தது, அல்லது இருப்பதாகத் தெரிந்தது. மெதுவாக உருட்டிக்கொண்டு போய் நிறுத்தலாம் என்று பிரேக்கில் காலை வைக்கும்போதே டக்கென்று ஒரு சத்தம். பம்பர் கல்லில் முட்டி நின்றது.

பெரிதாக ஒன்றுமில்லை. பெயின்ட் கொஞ்சம் போயிருந்தது. அந்தக் கல் அங்கே இருந்ததால்தான் டக்கென்றது. அதற்கு அடுத்த கல் எப்போதோ உடைந்து விழுந்துவிட்டிருந்தது. ஒரு முழம் இந்தப் பக்கம் ஒதுங்கியிருந்தால் எனக்கு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது. பொம்மை மலையில் கற்கள் இடம் மாறுவதில்லை. எந்த வளைவில் எந்தக் கல் என்று நான் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன், அதைப் பார்வை திரும்பிவிட்டதாக நினைத்துக்கொண்டேன். கல்லில்லாத இடத்தின் கீழே எட்டிப்பார்த்தால் மூங்கிலும் பனியும்தான் தெரிந்தது.

அதற்குள் பஸ் ஏறி வந்து என்னைக் கடந்தது. டிரைவர் என்னைப் பார்த்து ஒரு கையைத் தூக்கி, இரண்டு தரம் ஹாரனைத் தட்டிவிட்டுப் போனார். ஒழுங்காக வழிவிட்ட நல்ல டிரைவருக்கு அவர் செய்கிற மரியாதை. அந்த நிமிஷத்தில்தான் எனக்கு முடிந்துபோனது.

ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்தேன்.

"பாப்பா, கார எடுத்துக்கிட்டுப் போக வர்றயா? பதினாறாவது பெண்டுல நிக்கறேன்."

"அடி கிடி பட்டுருச்சுங்களாண்ணா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. நீ வா."

"எங்கியும் போயிராதீங்க. அடுத்த பஸ்ல வர்றேன்."

எங்கே போவேன்? இடதுபக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். என் காரில் அந்த சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து பார்த்தால் பானட் வேறு மாதிரி தெரிகிறது. ஒரு குரங்கு வந்து வைப்பரைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டுப் போனது. பெங்களூரு வண்டி ஒன்று நின்று, உதவி வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். சரி, இந்த இடத்தில் வியூ நன்றாக இருக்கிறது என்று இறங்கி போட்டோ எடுத்துக்கொண்டார்கள். காரைக் கொஞ்சம் தள்ளி நிறுத்த முடியுமா என்று கேட்டார் ஒருவர். முடியாது என்றேன்.

தங்கை பஸ்ஸிலிருந்து அந்த வளைவிலேயே இறங்கினாள். நேராக முன்னால் போய் பம்பரைப் பார்த்தாள். கல்லைப் பார்த்தாள். கல்லில்லாத இடத்தைப் பார்த்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன். கைப்பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அவளுக்கு பெடல் எட்டவில்லை. சீட்டை முன்னால் தள்ள லீவரை இழுத்தாள். அது அசையவில்லை. வாங்கின நாளிலிருந்து என் ஒருத்தன் கால் அளவுக்கே நின்ற சீட்டு, தண்டவாளத்தோடு துருவேறி இறுகிவிட்டிருந்தது. நானும் இறங்கிப்போய் உதைத்துப் பார்த்தேன். கடைசியில் டிக்கியில் கிடந்த தார்ப்பாயை மடித்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்தோம்.

"எந்த கியருங்கண்ணா?"

"ஏறுற கியர்லயே எறக்கு. ரெண்டு."

ரிவர்ஸில் எடுத்து ரோட்டுக்கு வந்தாள். முதல் வளைவில் ஸ்டீயரிங்கின் கனம் தெரியாமல் திணறினாள். அவள் இருந்தது என் வலதுபக்கம், பார்வையில்லாத பக்கம். அவள் கை என்ன செய்கிறது, கால் என்ன செய்கிறது, எதுவும் எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை. முதுகுக்குத் தெரிந்தது. கனம் முன்னால் வந்தது, இடுப்பு மெல்லச் சாய்ந்தது, மறுபடி நேரானது. அடுத்த வளைவில் பிரேக்கை இன்னும் முன்னாலேயே பிடித்து, திருப்புவதற்குள் விட்டாள். அதற்கடுத்ததில் குலுங்கவே இல்லை. என் கார் நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நான் இல்லாமலே நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது.

அழுதுவிட்டேன். பார்வை போன கண்ணிலிருந்தும் கண்ணீர் வரும் என்று எந்த டாக்டரும் எனக்குச் சொல்லவில்லை. அவள் பக்கம் இருந்தது அந்தக் கண்தான், துடைத்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

"குளுருதுங்களாண்ணா? கண்ணாடிய ஏத்தட்டுங்களா?" என்றாள் ரோட்டைப் பார்த்தபடி.

"வேண்டாம் கண்ணு. அப்படியே இருக்கட்டும்."

அடிவாரத்தில் டீக்கு நிறுத்தியபோது, "எப்படிங்கண்ணா ஓட்டுனேன்?" என்று கேட்டாள். "டிரைவிங் ஸ்கூல்ல நொம்ப நல்லாவே சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றேன். அவள் சிரிக்கவில்லை. டீயைக் குடித்து முடித்தபிறகு சாவியை என்னிடம் நீட்டினாள். "பொங்கலுக்கு இன்னும் நாளிருக்குதுங்கண்ணா" என்றாள். நான் அவள் விரல்களை மடக்கி சாவியை உள்ளேயே வைத்தேன்.

அவள் வீட்டிலேயே பொங்கல் வரை இருந்தேன். அங்கேயே இருந்துவிடச் சொன்னாள். ஏற்காட்டில் மோட்டார்கள் காத்திருக்கின்றன என்று சொல்லிவிட்டு மத்தியான பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் டிரைவருக்கு இடதுபக்கம், முன்கண்ணாடியை ஒட்டி ஓர் ஒற்றை சீட்டு உண்டு. அது கிடைத்தது. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே வந்தது. பதினாறாவது வளைவில் மேலிருந்து ஒரு கார் இறங்கி வந்தது. பஸ்ஸைப் பார்த்ததும் ஓரம் கட்டி, தடுப்புக்கல்லுக்கு நல்ல இடைவெளி விட்டு, நின்று, லைட்டைப் போட்டுக் காட்டியது. உள்ளே யார் என்று தெரியவில்லை, கண்ணாடியில் வெயில் அடித்தது. எங்கள் டிரைவர் போனில் யாரிடமோ வீட்டுச் சாமான் பற்றிப் பேசிக்கொண்டே கடந்துபோய்விட்டார். ஹாரன் அடிக்கவில்லை. நான் என் முழங்காலில் கட்டைவிரலை வைத்து இரண்டு தரம் அழுத்தினேன்.